கவுச்சி

என் வயதை ஒத்தவர்களே, உங்கள் வீடுகளிலும் இது நடக்கிறதா என்று தெரியவில்லை. என் தங்கையின் பேத்தி அடையாறில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறாள். ஒரு நாயும் ஒரு பூனையும் வளர்க்கிறாள். போன மாதம் அங்கே போயிருந்தபோது, காலையில் நாயை மடியில் இடுக்கிக்கொண்டு அதற்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரலில் மாட்டிக்கொள்கிற ரப்பர் பிரஷ். கோழி வாசனை போட்ட பேஸ்ட். நாய் சமர்த்தாக வாயைத் திறந்து காட்டியது. அடுத்து பூனையின் முறை. அது அவள் கையைப் பிறாண்டிவிட்டு அலமாரி மேல் ஏறிக்கொண்டது.

"சிரிக்காதீங்க பெரிய பாட்டி. பல்லைக் கவனிக்கலேன்னா ஈறு அழுகிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. நாமெல்லாம் உமிக்கரியால் பல் தேய்த்து வளர்ந்தவர்கள், நாய்க்குப் பேஸ்ட் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு வராததற்கு ஒரு நாயும் ஒரு மனுஷியும் காரணம். இருவரையும் பற்றிச் சொல்ல இத்தனை வருஷம் ஆள் கிடைக்கவில்லை. இப்போது நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

அது சண்டைக் காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டி ஓடி, குண்டு ஒன்றும் பெரிதாக விழாமல் அசடு வழியத் திரும்பி வந்ததே, அதற்கு அடுத்த வருஷம். மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் எங்கள் வீடு. ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புக் காகிதம் ஒட்டியபடியே இருந்தது. அரிசிக்கு ரேஷன் வந்திருந்தது. கோதுமையை என்ன செய்வது என்று தெரியாமல் அம்மா அதையும் சாதமாக வடிக்கப் பார்த்துத் தோற்றுப்போனாள்.

அப்பா வக்கீல். அடையாறில் ஆற்றோரம் ஒரு பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் அவருடைய கட்சிக்காரர். துரை சண்டைக்குப் போய்விட்டார். துரைசானி மட்டும் கொஞ்ச நாள் தனியாக இருந்து பார்த்தாள். பிறகு அவளும் கப்பல் ஏறினாள். போகும்போது, வளர்த்த நாயை எங்கள் அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டாள். பெரிய இடத்து விஷயம், மாட்டேன் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. குமாஸ்தாவை அனுப்பினார். அவர் ஜட்காவில் நாயோடும், நாயின் சொத்தோடும் வந்து இறங்கினார்.

சாக்லேட் நிறம். தொங்கு காது. கண்ணைப் பார்த்தால் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் இருக்கும். சொத்து என்றால் ஒரு தோல் வார், ஒரு கம்பளி, எனாமல் கிண்ணம் ஒன்று, அப்புறம் துணியில் சுற்றிய ஒரு சின்ன பிரஷ்ஷும் ஒரு தகர டப்பாவும். பிரஷ்ஷுக்கு வெள்ளை வெளேரென்று பிடி. தந்தம் என்றாள் அம்மா. டப்பாவைத் திறந்தால் சந்தனம்போல் வழுவழுவென்று வெள்ளைப் பொடி, லேசாகக் கற்பூர வாசனை. அப்பா அதை மோந்து பார்த்தார், இரண்டு விரலால் தேய்த்தார்.

"வெள்ளிக்குப் போடற பவுடர். இவாள்ளாம் ஸ்பூனை இதை வெச்சுத்தான் பளபளன்னு வெச்சுப்பா. நமக்குன்னு குடுத்திருக்கா, பாவம்" என்றார்.

குமாஸ்தாவை யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பூஜைச் சாமான்கள், பஞ்சபாத்திரம், உத்தரணி, குங்குமச் சிமிழ், அத்தையின் குத்துவிளக்கு எல்லாம் அந்த பிரஷ்ஷாலும் பொடியாலும்தான் பளபளத்தன. இதைத் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. சின்ன வயதிலேயே கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்டவள். மடி, ஆசாரம், அதற்கு மேல் ஒரு மூக்கு. மூன்றாவது வீட்டில் வெங்காயம் நறுக்கினால் எங்கள் கூடத்தில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவாள். நாய் வந்த அன்று அவள் அப்பாவோடு பேசவில்லை. மறுநாள், "அது கொல்லையோட இருக்கட்டும். நம்மாத்துல என்ன உண்டோ அதுதான் அதுக்கும். வேற ஒண்ணும் வாசப்படி தாண்டப்படாது" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அப்படித்தான் துரை வீட்டு நாய் பிராமணனாயிற்று. காலையில் பாலும் சர்க்கரையும். மத்தியானம் குழைய வடித்த பருப்பு சாதம், மேலே ஒரு சொட்டு நெய். மாலையில் தயிர்சாதம். பண்டிகை வந்தால் மிச்சப் பாயசம். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வெல்லக்கட்டி. ஏகாதசியன்று அதற்கும் பாலும் வாழைப்பழமும்தான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா இதைப் பெருமையாகச் சொல்லுவார். "இங்கிலீஷ் நாய் சார், எலும்பைக் கண்ணால பார்த்ததில்லை" என்பார். அதனோடு அவர் இங்கிலீஷில் மட்டுமே பேசுவார். வீட்டில் அந்த பாஷை பேச அவருக்குக் கிடைத்த ஒரே துணை அது. அத்தைகூடச் சில மாதத்தில் மனம் இளகி, துவாதசியன்று விரதம் முடிக்கிற பாரணைக்கு முன்னால், "அது சாப்டுத்தா?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

ஆனால் அது தன் வீடாக நினைத்தது எங்களை அல்ல.

பத்துப் பாத்திரம் தேய்க்க ஒருத்தி வருவாள். சாந்தோம் கடற்கரைக் குப்பத்துக்காரி. கொல்லை வழியாகவே வந்து கொல்லை வழியாகவே போனதால் நாங்கள் குழந்தைகள் அவளைக் கொல்லையம்மா என்று கூப்பிட்டோம். கறுத்த, ஒல்லியான உடம்பு. கட்டுமரத்தில் போன புருஷன் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் அவளுக்குக் கடலும் வேண்டாம், மீனும் வேண்டாம் என்று போய்விட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் மீன் கூடை சுமக்க, இவள் மட்டும் எங்கள் தெருவில் சில வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். விடியற்காலையில் தலைக்குக் குளித்து, உலர்த்திய புடவை கட்டிக்கொண்டுதான் வருவாள். எங்கள் தெருவின் மூக்குகளை அவளுக்குத் தெரியும்.

நாய் அவள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிற சத்தத்தைக் கேட்டபடி கண்ணை மூடிக்கொள்ளும். துரைசானி வைத்த பெயர் அவள் வாயில் நுழையவில்லை. "நைனா" என்று கூப்பிட்டாள். அதற்கு அந்தப் பெயர்தான் பிடித்தது. அப்பா இங்கிலீஷில் கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும், "இன்னா நைனா, துன்னியா?" என்று அவள் கேட்டால் உடம்பெல்லாம் ஆடும்.

வந்த புதிதில் பந்து போட்டால் ஓடிப்போய்க் கவ்விக்கொண்டு வரும். அப்பாவின் செருப்பைக் கொண்டுவந்து கொடுக்கும். பிறகு பந்தை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. "நம்ம ஊர் வெயிலுக்கு எந்த வெள்ளைக்காரனும் சோம்பேறி ஆயிடுவான்" என்றார் அப்பா. நாங்கள் சிரித்தோம். அது வலி என்று யாருக்குத் தெரியும்? வாயில் வலி வந்தால் நாம் ஊரைக் கூட்டுகிறோம். அது பந்தைக் கவ்வுவதை நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள். அத்தை குளித்துவிட்டு மடிப் புடவையோடு கிணற்றடியிலிருந்து வந்தாள். நாய் வாலை ஆட்டிக்கொண்டு எதிரே போய்க் கொட்டாவி விட்டது. அத்தை அப்படியே நின்றாள். மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"என்ன இது, கவுச்சி வாடை அடிக்கறது!"

உங்களில் எங்கள் மாதிரி வீட்டில் வளராதவர்களுக்கு அந்தச் சொல்லின் பலம் தெரியாது. எங்கள் வீட்டில் கெட்ட நாற்றங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. ஊசல் வாடை, சிக்கு வாடை, சாக்கடை நாற்றம். ஆனால் இன்னதென்று தெரியாத, குடலைப் புரட்டுகிற எந்த நாற்றத்துக்கும் எங்களுக்கு ஒரே பெயர் கவுச்சி. மாமிசத்தையும் மீனையும் கிட்டத்தில் போய் மோந்தே பார்க்காதவர்கள் நாங்கள். மோந்து பார்த்திருந்தால் இது வேறு, அது வேறு என்று தெரிந்திருக்கும். தெரியாததால், பெயர் வைத்த அந்த நிமிஷமே வழக்கு முடிந்துவிட்டது. கவுச்சி அடிக்கிறது, ஆகவே மீன் தின்றிருக்கிறது.

அதன் பிறகு எல்லாமே சாட்சி சொன்னது. தயிர்சாதத்தில் வாயை வைத்துவிட்டுப் பின்வாங்கியது. "ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவுமாம். இனிமே இதுக்குத் தயிர்சாதம் எங்க இறங்கப் போறது?" என்றாள் அத்தை. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. "பாரு, எப்படி ஊர்றது நாக்கு" என்றாள். ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மென்றது. அதுவும் திருட்டுத்தனமாகத் தெரிந்தது. துளசி மாடத்தின் குளிர்ந்த கல்லில் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டு படுத்துக் கிடந்தது. செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கிறது என்று அம்மா பாதி வேடிக்கையாகச் சொன்னாள்.

கடைசியில் ஒரு நாள் எனாமல் கிண்ணத்தில் மிச்சம் விட்ட தயிர்சாதத்தின் மேல் ரத்தம். ரோஜா நிறத்தில் ஓரமாகக் கொஞ்சம். நான்தான் முதலில் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்குள் அத்தை பார்த்துவிட்டாள். அவள் போட்ட கூச்சலில் அப்பா கோர்ட்டுக்குப் போகிற கோட்டோடு கொல்லைக்கு வந்துவிட்டார்.

பச்சை மாமிசம் என்று முடிவாயிற்று. அது தன் ஈறிலிருந்தே வந்த ரத்தம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கொல்லைச் சுவரில் ஒரு திருட்டுப் பூனை எப்போதும் உட்கார்ந்திருக்கும். எலி தின்றே வளர்ந்த பூனை. அது கொட்டாவி விட்டால் பல் ஒவ்வொன்றும் பச்சரிசி நிறத்தில் இருக்கும். ஒரு வாடையும் கிடையாது. அதையும் தினம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

கொல்லையம்மா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். அப்பா அவள் எதிரே போய் நின்றார். கறுப்புக் கோட்டோடு நின்றதால் எனக்கே பயமாக இருந்தது.

"நீ ஏதாவது கொண்டு வந்து போடறயா இதுக்கு? மீன் கீன்?"

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "நான் இன்னாத்துக்கு சாமி போடப்போறேன்? காத்தால குளிச்சிக்கினுதான் உங்க வூட்டுக்கு வரேன். நான் மீன் கூடயத் தொட்டே எம்மா நாளாவுது. உங்களுக்குத் தெரியாதா?"

"அப்போ இந்த வாடை எங்கேர்ந்து வரது?"

"எனக்கு இன்னா தெரியும் சாமி? நாத்தம் கீது, நானும்தான் பாத்தேன். ஏன்னு தெரியல."

பொய் இல்லை. அவளுக்கும் தெரியவில்லை. எங்கள் எல்லோருக்கும் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அவளுக்கும் தெரியும். அப்பா திரும்பி அத்தையையும் அம்மாவையும் பார்த்து, கோர்ட்டில் பேசுகிற குரலில் சொன்னார்.

"ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும். இவ போடறாளா இருக்கணும். இல்லேன்னா இது தானாவே சுவர் தாண்டிப் போய்க் கண்டதையும் தின்னுட்டு வரதா இருக்கணும். தானா போறதுன்னா இனிமே கட்டிப்போட்டும் பிரயோஜனம் இல்லை. நாய் வண்டிக்காரனைக் கூப்பிட்டுக் குடுத்துட வேண்டியதுதான்."

"அதுதான் சரி" என்றாள் அத்தை. "யாராவது குடுத்துத் தின்னா அது வாயில்லா ஜீவன், அதும் மேல தோஷம் இல்லை. தானா தேடிண்டு போற நாய் இந்த ஆத்துல இருக்கப்படாது."

நாய் வண்டியை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். கம்பி போட்ட வண்டி, சுருக்குக் கயிறோடு இரண்டு ஆள். அதில் ஏறின நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை. அது தெருவில் நுழைந்தால் நாய்களுக்கு முன்னால் குழந்தைகள் ஓடி ஒளிவோம். நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன்.

கொல்லையம்மா தலையைத் திருப்பினாள். துளசி மாடத்தடியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு கிடந்த நாயைப் பார்த்தாள். கையிலிருந்த சாம்பலை நாரோடு சேர்த்துப் பிழிந்தாள்.

"வண்டில ஏத்தினா நைனாவ இன்னா பண்ணுவாங்க சாமி?"

அப்பா கோட்டின் கைகளை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான்தான் போட்டேன்" என்றாள் அவள். "தெரியாத்தனமா போட்டுட்டேன் சாமி. அது எங்கயும் போயி துன்னல. அதும் மேல ஒரு தப்பும் இல்ல."

"நான் சொன்னேனோல்லியோ!" என்றாள் அத்தை.

அப்பாவின் முகத்தில் வழக்கு ஜெயித்த திருப்தி இருந்தது. அதை நான் பார்த்தேன். இன்றைக்கும் அந்த முகத்தை நினைத்தால் எனக்கு அப்பா மேல் கோபமும் இரக்கமும் சேர்ந்து வருகிறது. குற்றம் ஒப்புக்கொண்டவர்கள் எத்தனை பேரை அவர் பார்த்திருப்பார்! ஒரு நிமிஷம் முன்னால் மாட்டேன் என்றவள், நாய் வண்டி என்றதும் ஏன் மாறினாள் என்று எதிர்க்கட்சி வக்கீலாக இருந்தால் கேட்டிருப்பார். அன்று அவர்தான் ஜட்ஜும்கூட.

அவள் பாக்கிப் பாத்திரங்களையும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் போனாள். நாரை அலசிக் கல்லின் மேல் உலர வைத்தாள். கொல்லைக் கதவு வரைக்கும் நாய் கூடவே போயிற்று. "போ நைனா, உள்ள போ" என்று அதைத் திருப்பி அனுப்பினாள். அம்மா வாசல்பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்கே அத்தை தெருவில் சொல்லிவிட்டாள். பிராமணர் வீட்டு நாய்க்கு மீன் போட்டவள் என்ற செய்தி குளக்கரை வரைக்கும் போயிற்று. மற்ற வீடுகளிலும் அவளை நிறுத்திவிட்டார்கள்.

புதிதாக ஒருத்தி வந்தாள். வாடை மட்டும் போகவில்லை. "உள்ளே ஊறினது, போகச் சித்த நாளாகும்" என்றாள் அத்தை. ஆவணி பிறந்தது, இன்னும் மோசமாயிற்று. கொல்லையம்மா ராத்திரியில் சுவர் ஏறி வந்து போட்டுவிட்டுப் போகிறாளோ என்றுகூட ஒரு பேச்சு நடந்தது. பெரியவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், அது பொய்யாகும்போதுகூட அதை விடமாட்டார்கள். முட்டுக்கொடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

பிறகு ஒரு நாள் நாயின் கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கியது. எலுமிச்சம்பழ அளவுக்கு வந்து உடைந்தது. அதுவரை முனகாத நாய் அன்று முனகியது. அப்பா கோர்ட்டுக்குப் போகவில்லை. ஜட்காவில் நாயைப் படுக்கவைத்து, என்னையும் ஏற்றிக்கொண்டு வேப்பேரியில் ஒரு மிருக டாக்டரிடம் போனார். அதன் தலை என் மடியில் இருந்தது. வழியெல்லாம் அந்த நாற்றம். எனக்கு அருவருப்பாக இல்லை. அழுகையாக வந்தது.

டாக்டர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு நாயின் உதட்டை மெல்ல விலக்கினார்.

"கிட்ட வந்து பாருங்க சார். இது பல் இல்லை, பல் மேல படிஞ்ச காரை. தட்டினா கல்லு மாதிரி சத்தம் வரும். அடியில எல்லாம் சீழ் வெச்சிருக்கு."

அப்பா குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பழுப்பும் பச்சையுமாக, கிணற்றுக் கல்லின் பாசி நிறத்தில் இருந்தது. ஈறுகள் சிவந்து உப்பிப்போயிருந்தன.

"மீன், மாம்சம் எல்லாம் தின்னதால வந்திருக்குமோ டாக்டர்?"

"மீனா?" டாக்டர் சிரித்துவிட்டார். "ஒரு எலும்பைக் கடிச்சிருந்தாலும் இதுல பாதி வந்திருக்காது. குழைஞ்ச சோறும் சர்க்கரையும் குடுத்திருக்கீங்க, ஒட்டிக்கிட்டு அப்படியே அழுகியிருக்கு. இந்த வாயை வெச்சுக்கிட்டு இது மீனை எப்படி மெல்லும்? தண்ணி குடிக்கவே வலிச்சிருக்கும். எத்தனை மாசமா பொறுத்துக்கிட்டு இருந்துதோ."

"அப்போ அந்த வாடை?"

"அழுகின பல் சார். வேற என்ன?"

டாக்டர் கையை அலம்பிக்கொண்டே, "வெள்ளைக்காரங்க வளர்த்ததுன்னீங்களே, இதுக்குப் பல் தேய்க்க ஒரு பிரஷ் இருந்திருக்குமே. சின்னதா, கூடவே சீமைச் சுண்ணாம்புப் பொடி. அவங்க தேய்ச்சுவிடுவாங்க. நீங்க தேய்க்கலையா?" என்று கேட்டார்.

"பிரஷ் இருக்கு" என்றார் அப்பா.

மயக்க மருந்து கொடுத்து எடுத்தார்கள். எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். பிறகு டாக்டர் ஒரு எனாமல் தட்டைக் கொண்டுவந்து காட்டினார். வாயிலிருந்த பற்களெல்லாம் அநேகமாக அதில் கிடந்தன. முன்னால் ஓரிரண்டை மட்டும் விட்டிருப்பதாகச் சொன்னார். திரும்பி வரும்போது ஜட்காவில் அப்பா ஒரே ஒரு வாக்கியம் பேசினார். என்னிடம் பேசியதாகத் தோன்றவில்லை.

"அப்போ அவ ஏன் போட்டேன்னு சொன்னா?"

வீட்டுக்கு வந்து பிரஷ் விஷயத்தைச் சொன்னதும் அத்தை பூஜை அறைக்குள் போனாள். வெள்ளிச் சாமான் முழுவதையும் கிணற்றடிக்கு அள்ளிக்கொண்டு வந்து புளி போட்டுத் தேய்த்தாள், அலம்பினாள், மறுபடி தேய்த்தாள். நாயின் வாயில் நுழைந்த பிரஷ்ஷால் பெருமாள் தீர்த்தப் பாத்திரத்தைத் துலக்கியிருக்கிறோம். அந்தப் பிடியும் தந்தம் இல்லை, எலும்பாகத்தான் இருக்கும் என்று எனக்கு வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது. ஒரு மாட்டெலும்பு எங்கள் பூஜை அறையில் இருந்துகொண்டே இருந்தது. அத்தையின் மூக்கு அதைக் கண்டுபிடிக்கவில்லை. தேய்த்துக்கொண்டே அவள் அழுதாள். அத்தை அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வெள்ளிக்காக அழுதாளா, கொல்லையம்மாவுக்காக அழுதாளா என்று கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.

மறுநாள் விடிகாலை, குளிப்பதற்கு முன்னால், அத்தை கொல்லையில் நாயின் எதிரே குந்தி உட்கார்ந்திருந்தாள். கையில் அந்த பிரஷ். டப்பாவில் மிச்சமிருந்த பொடியைத் தொட்டு, இருந்த ஓரிரண்டு பல்லையும் துலக்கிவிட்டாள். அது உயிரோடு இருந்த வரைக்கும் தினமும் செய்தாள். பிறகு குளித்துவிட்டு மடி கட்டிக்கொள்வாள். ஆனால் மீன் போட்டாள் என்று தெருவெல்லாம் சொன்ன வாய், அது வெறும் பல் என்று திருப்பிச் சொல்ல எந்த வீட்டுக்கும் போகவில்லை.

அப்பாவும் போகவில்லை. "நீ போய் அழைச்சுண்டு வா" என்று அம்மாவிடம் சொன்னார். நாயின் வாய் ஆறிய பிறகு ஒரு சாயங்காலம் அம்மா என்னையும் நாயையும் கூட்டிக்கொண்டு குப்பத்துக்குப் போனாள். அம்மா அந்தப் பக்கம் போனது அதுவே முதல் தடவை. மணலெல்லாம் வலை. வலைக்கு நடுவே மீன் உலர்த்தியிருந்தார்கள். அங்கே அடித்ததுதான் நிஜமான மீன் வாடை. உப்பும் வெயிலும் கலந்த வாடை. எங்கள் நாயின் வாயில் அடித்ததற்கும் இதற்கும் துளிச் சம்பந்தம் இல்லை. அம்மா ஒரு நிமிஷம் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று முகத்தில் கண்டேன்.

கொல்லையம்மா கூடையின் முன்னால் உட்கார்ந்து மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை செதில். எங்களுக்கு முன்னால் நாய் அவளைப் பார்த்துவிட்டது. வாரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடியது. மணலில் விழுந்து எழுந்து அவள் மடிமேல் பாய்ந்தது.

அவள் சட்டென்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள்.

"வாணாம் நைனா, வாணாம். மீன் கையி. வூட்ல வைவாங்க."

நாய் எட்டி எட்டி அவள் கையை நக்கப் பார்த்தது. அவள் கையை இறக்கவே இல்லை. முகத்தை மட்டும் குனிந்து அதன் தலையில் வைத்துக்கொண்டாள். அம்மா அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது பல்லு. பல்லு அழுகிப்போயிருந்தது, டாக்டர் சொல்லிட்டார். நீ ஒண்ணும் போடலே. ஏண்டி போட்டேன்னு சொன்னே?"

"பல்லா?" என்று கேட்டுவிட்டு அவள் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள். "என்னை அனுப்பினா வேற வூடு பாத்துக்குவேன்மா. நைனாவ அனுப்பினா அதுக்கு ஏது வேற வூடு? அதான் சொன்னேன்."

"வேற வீடு கிடைச்சுதா?"

அவள் சிரித்தாள். தூக்கிய கைகளிலிருந்து மீன் தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டியது. "எங்கமா? உங்க தெருவுல அல்லாரும் சொல்ட்டாங்களே. அதான் கூடயத் தூக்கிட்டேன்."

எந்த மீனைத் தொடாமல் இருக்க அவள் தினமும் விடியலில் குளித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாளோ, அந்தக் கூடையை நாங்கள்தான் அவள் தலையில் ஏற்றிவிட்டிருந்தோம். அம்மா திரும்பி வரச் சொல்லிக் கேட்டாள். அவள் தலையை ஆட்டினாள். "மீன்காரி ஆயிட்டேன்மா. எம்மா குளிச்சாலும் உங்க நாத்தனாருக்கு இனிமே வாடை வரும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்பதுபோல் சொன்னாள்.

அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கூடையைப் பார்த்தாள். என் அம்மா, முட்டை என்ற சொல்லைக்கூட வாயால் சொல்லாதவள், கொல்லையம்மாவிடம் சொன்னாள்:

"அதுக்கு ஒண்ணு குடேன். நான் சொல்றேன், குடு."

கொல்லையம்மா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மெல்லக் கையை இறக்கினாள். கூடையிலிருந்து ஒரு சின்ன மீனை எடுத்தாள். நாய் ஆசையாக வாயைத் திறந்தது. அவள் உள்ளே பார்த்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

"இதுக்குத்தான் பல்லே இல்லியேம்மா" என்றாள். "முள்ளு குத்திக்கும்."

மீனைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டு எழுந்து போனாள். அலை வரும் இடத்தில் குனிந்து, மணலால் தேய்த்துத் தேய்த்து, முழங்கை வரைக்கும் கழுவினாள். கையை மோந்து பார்த்தாள். மறுபடியும் கழுவினாள். அதற்குப் பிறகுதான் வந்து நாயின் தலையைத் தொட்டாள்.